முதுகுப் படங்கள்

கொழும்பு வாரப் பத்திரிகை ஒன்றின் தொடர்கதைக்கு, 1966இல், மாத்தளையிலிருந்து படம் வரைந்து அனுப்பிக்கொண்டிருந்தார் ஜுனைதீன். முகம் வரைவது மார்க்கத்துக்கு ஆகாது என்று எல்லாரையும் முதுகுப்புறமாகவே வரைவார். அதுவே அவர் பாணியாகி, பெயரும் வாங்கிக் கொடுத்தது.

மனைவி ஹவ்வா மௌத்தாகி, அடக்கம் செய்து மூன்று மாதம். அவள் போட்டோ எடுக்க ஒருநாளும் சம்மதித்ததில்லை. அவள் முகம் அவருக்குக் கொஞ்சங்கொஞ்சமாக மறந்துகொண்டு வந்தது.

எட்டாம் வாரம், அச்சில் வந்த கதாநாயகி சற்றே திரும்பியிருந்தாள். காது தெரிந்தது. அடுத்த வாரம் கன்னம். பத்தாம் வாரம், தாடையோரம் ஒரு மச்சம்.

"நானா, இது ஹவ்வா மைனிட மச்சம்தானே?" என்றாள் தங்கை நோனா. "முகம் வரையமாட்டேண்டு பெரிய கதை கதைச்சீங்க?"

"நான் முதுகுதான் வரைஞ்சு அனுப்பின."

"அப்ப அச்சு மெஷினா வரைஞ்ச?"

கதை அடுத்த வாரம் முடிகிறது என்று ஆசிரியர் கடிதம் போட்டார். மிச்சம் ஒரே ஒரு படம். ஜுனைதீன் வழக்கம்போல முதுகை வரைந்து தபாலில் சேர்த்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் மேசையில் பத்திரிகையை விரித்தார். அவள் முழுதாகத் திரும்பியிருந்தாள். ஆனால் அவளுக்கு முன்னால், அவர் வரையாத ஓர் ஆள் முதுகைக் காட்டி மேசையில் குனிந்திருந்தார். தொப்பி போட்ட அந்தத் தலை, மேசைக்கு அப்பால் நின்றவளின் முகத்தைச் சரியாக மறைத்தது.

ஜுனைதீன் தன் தலையை மெல்ல இடப்பக்கம் நகர்த்தினார்.

படத்தில் தொப்பி நகர்ந்தது.

மேசைக்கு அப்பால் பார்க்க அவர் இன்னும் நிமிரவில்லை.