ஊசி நாள் கையெழுத்து

அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். சாய்வு நாற்காலியில் மாஸ்டர்: கண்ணுக்குக் கறுப்புப் பட்டை, காதில் மெல்லிய இசை, கழுத்துவரை போர்வை. அவர் கால்மாட்டில் முக்காலியில் அவர் மனைவி. கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில், அதன் இரண்டு கையும் பிதுங்க, மனைவியின் அண்ணன். டிரைவிங் ஸ்கூல் முதலாளி. அவருடைய குரலுக்காக எல்லோரும் அவரை ‘ஹாரன்’ என்றுதான் சொல்வார்கள்.

அண்ணனும் தங்கையும் ஒரு மணி நேரம் வெளியே காத்திருந்துவிட்டு, அப்போதுதான் சத்தம் போடாமல் உள்ளே வந்திருந்தார்கள்.

ஹாரனின் ஸ்கூலில் பதினோரு வருடமாக மாஸ்டர்தான் கற்றுக்கொடுக்கிறார். அடுத்தவர் வண்டி ஓட்ட, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இரண்டாவது பிரேக்கை மிதிப்பது வேலை. மச்சானிடம் திட்டு வாங்குவது கூடுதல் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் அவரால் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.

மூன்று வகை மாத்திரை மாற்றியும் மனம் தெளியவில்லை. கடைசியில் டாக்டரம்மா கெட்டமைன் ஊசியைச் சொன்னார். வாரம் ஒன்று, கூடவே பேச்சு சிகிச்சை. “ஒவ்வொரு தடவையும் கண்ணைக் கட்டி, பாட்டு போட்டுப் படுக்க வெச்சு, பிரஷர் பார்த்துட்டுத்தான் போடுவோம். போட்ட அன்னைக்கு வண்டி ஓட்டக்கூடாது, எந்தக் காகிதத்திலயும் கையெழுத்து போடக்கூடாது. ஊசி மயக்கத்துல அவர் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசாதீங்க.”

முதல் ஊசிக்கு மறுநாள் மாஸ்டர் தானாகவே சவரம் செய்துகொண்டார். மனைவி சமையலறைக்குள் போய் நின்று அழுதாள். ஐந்து நாள் வீடு கலகலவென்று இருந்தது. ஆறாம் நாள் அதே பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்ததும் முகம் பழையபடி தொங்கிவிட்டது. இரண்டாம் வாரமும் அதே கதை.

“மருந்து உங்களை எழுப்பி உட்கார வைக்கும். எங்க உட்காரணும்னு அது சொல்லாது,” என்றார் டாக்டரம்மா.

அது மாஸ்டருக்கே தெரியும். நடமாடும் நூலக வண்டிக்கு ஓட்டுநராக அவருக்கு உத்தரவு வந்திருந்தது. இப்போதைய முதலாளி ‘விடுவிக்கிறேன்’ என்று கையெழுத்துப் போட்ட கடிதம் மட்டும் இன்றைக்குள் கிளம்பியாக வேண்டும். ஹாரன் ஏற்கெனவே இரண்டு முறை அதை வாங்கிக் கிழித்துப் போட்டிருந்தார்.

மாஸ்டர் பட்டையை நெற்றிக்கு ஏற்றினார். “மச்சான், வந்துட்டியா?”

“வந்துட்டேன் மாப்ளே.” ஹாரன் தங்கையைப் பார்த்துக் கண்ணடித்தார். “ஆரம்பிச்சுட்டான்.”

போன வாரம் ஊசிக்குப் பிறகு மாஸ்டர் அவரிடம், ‘நீ ஒரு சிக்னல் கம்பம். எப்பத்தான் பச்சை காட்டுவே?’ என்று கேட்டதை ஹாரன் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்திருந்தார்.

“எப்படி இருக்கு? மிதக்குதா?”

“மிதக்கறேன்னு வெச்சுக்கோயேன். இன்னைக்கு நான் எதைச் சொன்னாலும் கோவிச்சுக்க மாட்டியே?”

“மருந்துமேல எனக்கென்னப்பா கோபம்? சொல்லு.”

“உனக்கு ரிவர்ஸ் எடுக்க வராது மச்சான். இருபது வருஷமா ஸ்கூல் நடத்துறே, உன் வண்டியைச் சந்துலேருந்து நான்தான் எடுத்துத் தர்றேன்.”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். ஹாரனின் காது சிவந்தது. எதிர்த்துப் பேசக்கூடாது என்பது நினைவுக்கு வர, “வராதுதான் மாப்ளே,” என்றார் பல்லைக் கடித்தபடி.

“கத்துக்க வர்றவங்களை மாடுன்னு திட்டாதே. லாரியைப் பார்த்துகூட பயப்படாதவங்க உன்னைப் பார்த்து நடுங்குறாங்க.”

“சரி, திட்டலை.”

“அப்ப பேனாவை எடு.”

போர்வைக்குள்ளிருந்து கடிதம் வெளியே வந்தது. மாஸ்டர் தேதி போட்டார், தன் கையெழுத்தைப் போட்டார், ஹாரனிடம் நீட்டினார்.

மனைவி பதறினாள். “அண்ணே, இன்னைக்கு இவர் கையெழுத்து போடக்கூடாதுன்னாங்களே!”

“அதுக்குத்தாண்டி நானும் போடப்போறேன்.” ஹாரன் அவள் காதில் கிசுகிசுத்தார். வராந்தாவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். “நாளைக்கு நூலகத்துக்கு ஒரு போன் போடுவேன். ‘பாவம், ஆள் மருந்து மயக்கத்துல எழுதினது. டாக்டர் எதிர்த்துப் பேசாதேன்னாங்க, அதான் நானும் போட்டுக் கொடுத்தேன்’னு சொல்வேன். செல்லாதுன்னு அவங்களே தூக்கிப் போட்டுடுவாங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் இவன் அந்தப் பேச்சை எடுக்க மாட்டான்.”

அவள் கணவரைப் பார்த்தாள். கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹாரன் தாராளமாகக் கையெழுத்துப் போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்தார். “ஸ்கூல் முத்திரை வேணுமா மாப்ளே?”

“பையில இருக்குமே. குத்து.”

குத்தினார். மாஸ்டர் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். மனைவி பசை தடவி, ஓரம் விடாமல் விரலால் அழுத்தி ஒட்டினாள். மருத்துவமனைத் தபால்களை எடுக்க நாலு மணிக்கு வரும் கூரியர்காரர் வாசலில் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் உறையை அவரிடம் சேர்த்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பினாள்.

கூரியர் வண்டி தெருமுனை திரும்பும்வரை ஹாரன் ஜன்னலில் நின்று கையாட்டி வழியனுப்பினார்.

நர்ஸ் உள்ளே வந்தார். மாஸ்டரின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, அளவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“பிரஷர் இன்னும் இறங்கலையே சார்... இன்னைக்கு ஊசி வேண்டாம், அடுத்த வாரம் போட்டுக்கலாம்.”