குறையை நிறையாக எழுதுவது எப்படி

"'ஆங்கிலம் தெரியாது'ன்னு எழுதினா யாரு எடுப்பா? 'எதிர்த்துப் பேசமாட்டார்'னு எழுதுங்க. முடிஞ்சுது லா."

ஜெய் ரிமோட்டை அழுத்தி அடுத்த ஸ்லைடுக்குப் போனார்.

வீட்டுப் பணிப்பெண்களை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சி அது. சிராங்கூன் ரோட்டில், நகைக்கடைக்கு மேல்மாடி. அன்று மதியம் கவுன்டரை மூடிவிட்டு ஊழியர்களுக்கு விளம்பரம் எழுதப் பயிற்சி.

பயிற்சி கொடுக்க வெளியிலிருந்து வந்த ஜெய் இதற்குக் கட்டணம் வாங்கவில்லை. ஏன் என்று முதலாளி சுந்தரம் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பாடத்துக்கான சரக்கு கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. பெயர் அன்னம்மா.

பழைய வீட்டார் லண்டனுக்குக் குடிபோய்விட்டார்கள். நான்கு மணிக்குப் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இரண்டு வருடம் அந்த வீடுதான். யார் வீடு என்று அவருக்கு இன்னும் தெரியாது. வீட்டுக்காரர் நேரிலேயே வருவார் என்று மட்டும் சுந்தரம் சொல்லியிருந்தார்.

"சிரித்த முகம். குறைவாகச் சாப்பிடுவார்" என்று இளம் ஊழியன் அர்ஜுன் அவரைப் பற்றி எழுதிக் காட்டினான். ஜெய் கைதட்டினார்.

காலையில் அன்னம்மாவுக்கு மூன்று பரோட்டா வாங்கிக் கொடுத்தது அர்ஜுன்தான்.

"இப்ப உங்க சொந்த முயற்சி. இந்த ஆபீஸ்ல கிடைக்கிற எதை வேணும்னாலும் விளம்பரமா எழுதுங்க. ரூல் ஒண்ணுதான், குறையை நிறையா மாத்தணும். அஞ்சு நிமிஷம்."

பதினாறு வருடமாகக் கவுன்டரில் இருக்கும் சம்சுன்னிசா எழுந்து போய், அலமாரியிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து வந்தார். பணிப்பெண் கேட்டு ஒரு வீட்டார் கொடுத்தது. அந்த வீட்டிலிருந்து திரும்பி வந்தவர்கள் எல்லாரும் முதலில் அழுதது அவர் கவுன்டரில்தான்.

வேண்டாம் என்று சுந்தரம் கண்ணைக் காட்டினார். சம்சுன்னிசா அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதத் தொடங்கினார்.

ஐந்து நிமிடம் கழித்து எழுந்து வாசித்தார்.

"ஸ்டோர் ரூமில் படுக்கை. கால் நீட்ட முடியாது, ஆகவே அதிகம் தூங்கிக் கெட்டுப்போக மாட்டீர்கள்."

"செம லா!" ஜெய் சிரித்தார்.

"வீடு முழுக்கக் கேமரா. ஸ்டோர் ரூமிலும் உண்டு. தனிமை என்ற பேச்சுக்கே இடமில்லை."

சிரிப்பு பாதியில் நின்றது.

"மேடம் கோபம் வந்தால் தட்டை வீசுவார். கழுவும் வேலை மிச்சம்."

அர்ஜுன் மட்டும் சிரித்தான். பிறகு அவனும் நிறுத்திக்கொண்டான்.

"எட்டு மாதத்தில் மூன்று பேர் ஓடிவந்துவிட்டார்கள். ஆகவே இடம் உடனே காலி."

ஜெய்யின் கட்டைவிரல் ரிமோட்டிலேயே அழுந்திக் கிடந்தது. ஸ்லைடுகள் தானாக ஓடி 'நன்றி'யில் வந்து நின்றன.

"இது... டார்கெட் ஆடியன்ஸ் யாரு?" என்றார்.

சம்சுன்னிசா பேனாவால் கதவோரத்தைக் காட்டினார்.

அன்னம்மா எழுந்து நின்றிருந்தார்.

"அக்கா, எனக்கு இந்த வீடு வேணாம்."



"நாளையிலேர்ந்து நீங்க வர வேணாம், சம்சு" என்றார் சுந்தரம்.

"ஓகே பாஸ். இன்னிக்கு அஞ்சரை வரைக்கும் டியூட்டி இருக்குல்ல?"

மணி மூன்று ஐம்பது. சம்சுன்னிசா விண்ணப்பத்தின் மேல் 'ரத்து' முத்திரையைக் குத்தினார். மை காய ஊதினார். பிறகு இங்கே எதையும் கொடுக்கும் முறைப்படி, இரண்டு கையாலும் பிடித்து ஜெய்யிடம் நீட்டினார்.

அதிலிருந்த பெயரும் குவீன்ஸ்டவுன் முகவரியும் ஜெய்யுடையவைதான்.