கம்பி உடுத்திய பட்டு

கொல்லர் அங்கமுத்துவின் பட்டறையில் வளைந்த இரும்பு ஒன்றும் செப்புக் கம்பி ஒன்றும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. கம்பியை இரும்பின்மேல் சுற்றி மின்சாரம் பாய்ச்சினால் இரும்பு காந்தமாகும், அதைக்கொண்டு சக்கரத்தையே சுழற்றலாம் என்று கொல்லர் நம்பினார். மூன்று வருஷமாகியும் அந்தக் காந்தம் ஓர் ஆணியைத்தான் தூக்கியது.

“உன்னால்தான் எனக்குப் பலம் வரவில்லை” என்றது இரும்பு.

“என் சுற்றுகள் ஒன்றையொன்று தொடுகின்றன. மின்சாரம் சுற்றி வராமல் குறுக்கே தாவிவிடுகிறது. நான் என்ன செய்வேன்?” என்று கம்பி அழுதது.

அப்போது கொல்லரின் மனைவி தில்லையம்மாள் தன் கல்யாணப் பட்டுச்சேலையோடு வந்தாள்.

“பட்டுல மின்சாரம் போகாதுன்னு சொன்னீங்களே. இதைக் கம்பிக்குச் சுத்துங்க.”

கொல்லர் வாங்கத் தயங்கினார். அவளே மின்சாரம் பாயும் சரிகையை வெட்டி எடுத்துவிட்டு, பட்டை நாடா நாடாவாகக் கிழித்தாள்.

“வலிக்கிறதா?” என்று கம்பி கேட்டது.

“வலிக்கிறது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிழிக்கிறாளே, அதனால்தான் சத்தம் போடாமல் இருக்கிறேன்” என்றது பட்டு.

பட்டு சுற்றிய கம்பியை இரும்பில் சுற்றி மின்சாரம் பாய்ச்சியதும் சக்கரம் சுழன்றது. ஊரே திரண்டு வந்து இரும்பைப் புகழ்ந்தது.

“பட்டையும் பாருங்கள்!” என்று இரும்பு கத்தியது. யார் காதிலும் விழவில்லை.

கூட்டம் கலைந்ததும் தில்லையம்மாள் வந்தாள். பிரிந்து தொங்கிய நூலொன்றை உள்ளே செருகினாள்.

“நல்லா இருக்கியா?” என்று கேட்டாள்.

“நல்லா இருக்கேன்” என்றது பட்டு.

அந்தச் சின்னக் குரல் அவளுக்குக் கேட்கட்டும் என்று இரும்பும் கம்பியும் மூச்சுவிடாமல் இருந்தன.