முள் நடுவில்

பௌலிங் பந்தின் துளையிலிருந்து கட்டைவிரலை இழுத்தான். வரவில்லை.

பந்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு மறுபடி இழுத்தான். வலி முழங்கை வரை ஏறியது. விரல் பந்துக்குள்ளேயே இருந்தது.

மணி ஐந்து. ஆறு மணிக்கு ஆட்டம். மூன்று பேர் அணி. ஒருவன் குறைந்தாலும் மூவருக்கும் ஆட்டம் கிடையாது.

"பந்தோடவே பஸ் ஏறிடு மச்சி. லக்கேஜுக்குத் தனி டிக்கெட் கேப்பான், அவ்ளோதான்" என்றான் அணித் தோழன் ஜெயசீலன். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "இது நாலாவது பந்துடா. இந்த சென்டர்ல இருக்கற எந்த ஓட்டையும் உன் விரலுக்கு ஆகாது. போய் தயாளன்கிட்ட உன் கைக்குன்னு ஒண்ணு போட்டுக்கோ."

பந்துக்குத் துளை போடும் தயாளன் கடை முன்வாசலில். அதனால்தான் அவன் பின்வாசல் வழியாக வந்திருந்தான்.

வேறு வழியில்லை. ஒரு கையில் மாட்டிக்கொண்ட பந்தை இன்னொரு கையால் தாங்கியபடி நடந்தான்.

கடைக்குள் துளை போடும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தயாளன் நிமிர்ந்தான். முதலில் முகத்தைப் பார்த்தான். பிறகு பந்தை.

இயந்திரத்தை நிறுத்தினான்.

சோப்புத் தண்ணீர். ஒரு திருகல். விரல் வெளியே வந்தது.

"மூட்டு வீங்கியிருக்கு சார்."

சார்.

முன்பெல்லாம் மச்சான்.

பதினொரு வருடம் ஆகிறது. அப்போதும் இதே பௌலிங் சென்டர்தான். அவன் ஆடுவான். அவன் பந்துகளுக்குத் தயாளன் துளை போடுவான். மாநில இறுதிப் போட்டியன்று நடுவர்கள் அவன் பந்தைத் தராசில் வைத்தார்கள். முள் சாய்ந்தது. பந்துக்குள் ஈயம். ஒரு பக்கம் கனம் ஏற்றிய பந்து, வளைந்து உருண்டு போய், கோடியில் நிற்கும் பின் கட்டைகளை வாரிவிடும்.

"துளை போட்டது தயாளன்" என்றான் அவன், விசாரணையில்.

அது பொய்யில்லை.

தயாளனுக்கு வேலை போனது. அவனுக்கு ஓர் எச்சரிக்கை மட்டும். அதன்பிறகு இன்றுவரை அவன் பந்தைத் தொடவில்லை. நிர்வாகம் மாறி, போன வருடம்தான் தயாளன் இங்கே திரும்பி வந்தானாம்.

"பதினஞ்சு பவுண்டு" என்றான் அவன்.

துளையில்லாத புதுப் பந்து ஒன்றைத் தயாளன் எடுத்துக் கொடுத்தான்.

"ரெண்டு கையாலயும் நீட்டிப் பிடிங்க. பத்து எண்ணுறேன்."

ஆறில் கை இறங்கியது.

"பன்னெண்டு எடுத்துக்கங்க."

"பன்னெண்டு என் பொண்ணு போடுறது."

"அவங்களுக்குப் புத்தி இருக்கு."

நீலப் பந்து. பன்னிரண்டு. தயாளன் அதைத் தராசில் வைத்தான். முள் நடுவில் நின்றது. ஓர் அட்டையில் குறித்தான். பேனாவோடு நீட்டினான்.

'என் கண் முன்னால் எடை பார்க்கப்பட்டது.' கீழே கையெழுத்துக்குக் கோடு.

"எல்லார்கிட்டயும் வாங்குறதுதான். துளை போட்டதும் இன்னொரு தடவை வைப்பேன். அதுக்கும் ஒண்ணு."

கையெழுத்துப் போட்டான்.

தயாளன் இழுப்பறையைத் திறந்தான். இன்னோர் அட்டை. ஓரம் பழுப்பேறியிருந்தது. அவன் பெயர். அவன் விரல் அளவுகள். பதினொரு வருடத்துக்கு முந்தைய தேதி.

கடைசி வரி: பந்தைக் கொடுக்கும்போது முள் நடுவில்.

இதில் அச்சிட்ட கோடு இல்லை. பேனாவால் இழுத்த கோடு. அதன் மேல் ஒன்றுமில்லை.

"இதுலயும் ஒண்ணு போட்டா நல்லாருக்கும்" என்றான் தயாளன். "போடலன்னாலும் பந்து ரெடியாயிடும் சார். தொழில் வேற."

வெளியிலிருந்து ஜெயசீலன் கத்தினான். "டேய், அஞ்சு இருபது!"

தயாளன் விரல் அளவு பார்க்கும் வளையங்களைத் துணியால் துடைத்தான். ஒவ்வொன்றாக. இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பேனா அட்டைக்கு மேல் நின்றது.

கையெழுத்திட்டான். வீங்கிய விரலால் கோணலாக விழுந்தது. பக்கத்தில் தேதி. இன்றைய தேதி.

தயாளன் அட்டையை எடுத்தான். மை காய ஊதினான். இழுப்பறையில் வைக்கவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"கட்டைவிரலை நீட்டுங்க சார்."

நீட்டினான்.

தயாளன் அந்தப் பழைய பந்தைக் கொடுத்த அன்றைக்கும் அவன் தராசுக்குப் பக்கத்தில் இப்படித்தான் நின்றிருந்தான். முள் நடுவில்தான் இருந்தது.

அவன் ஈயம் வாங்கியது மறுநாள்.