பாலைமரப் பிடி

"கொம்மா வீட்டை போ எண்டால் போ. கேள்வி கேளாதை."

தில்லைநாதன் தலை நிமிரவில்லை. செதுக்குக் கத்தியின் பழைய பிடி வெடித்துப் போயிருந்தது. கொட்டிலுக்குள் இருந்து பாலைமரத்தில் புதுப் பிடி சீவிக்கொண்டிருந்தான். கோயிலுக்குச் செய்த எலி வாகனம் பக்கத்தில் அரைகுறையாகக் கிடந்தது.

"நான் என்ன குறை வைச்சனான்? அதையாவது சொல்லுங்கோ," என்றாள் அவன் மனைவி பத்மாசனி.

"ஒரு குறையுமில்லை. நாளைக்கு விடியப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறு. நான் சொல்லுமட்டும் வராதை."

சீவிய பிடியை உள்ளங்கையில் இறுக்கிப் பார்த்தான். "சீ, பிடிபடேல்லை," என்று எறிந்தான். காலையிலிருந்து இதே கூத்துத்தான்.

பத்மாசனி அதை எடுத்துப் பிடித்துப் பார்த்தாள். வழுவழுவென்று நன்றாகத்தான் இருந்தது. பெண்சாதியிலேயே குறை கண்டவனுக்கு மரத்திலா குறை கிடைக்காது என்று ஆத்திரம் வந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்கந்தபுரத்துக்குக் குடியேறி வந்த நாளிலிருந்து அவளை ஒரு கடுஞ்சொல் சொல்லாத மனிதன் அவன். இப்போது தனித் தட்டில் சாப்பாடு, கொட்டிலில் படுக்கை. மடியில் ஏற ஓடிவரும் மகளையும் உறுக்கிக் கலைத்தான்.

அவனோடு வேலை செய்த ஏரம்பரைக் குஷ்டநோய் ஆசுப்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போன கவலையாக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு அவன் வெள்ளை வேட்டி கட்டிச் சைக்கிளில் அடிக்கடி கிளிநொச்சிக்குப் போகத் தொடங்கினான். "அங்க ஆரும் இருக்கினமோ எண்டு விசாரிச்சுப் பார் பிள்ளை," என்று பக்கத்து வீட்டு நேசமலர் காதில் போட்டுவிட்டாள்.

விசாரிக்கப் பயமாக இருந்தது. விசாரிக்காதவரை அவன் தன்னுடையவன்தான் என்று ஒரு நப்பாசை. இன்று கேட்டே விட்டாள்.

"அவள் ஆர்?"

"எவள்?"

"என்னையும் பிள்ளையையும் கலைக்கச் சொன்னவள்."

அவன் பக்கத்திலிருந்த தணலை ஊதினான். பிடிக்குள் இறங்கும் கத்தி வால் அதில் பழுத்துக் கிடந்தது. சூட்டோடு ஏற்றினால்தான் அது மரத்தைச் சுட்டுக்கொண்டு இறங்கி இறுகும். பத்மாசனி பிடியை நீட்டினாள்.

"கீழ வை," என்றான்.

அவள் வைத்துவிட்டு விலகிய பிறகுதான் எடுத்தான். மற்றக் கையில் குறட்டால் கத்தியைத் தூக்கி, பழுத்த வாலைப் பிடியின் துளையில் வைத்தான்.

"ஓம், ஒருத்தி இருக்கிறாள். இப்ப போறியோ?"

பத்மாசனி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். இத்தனை நாளும் பயந்தது நடந்தே விட்டது. தில்லைநாதன் அவள் முகத்தைப் பார்த்தபடியே கத்தியை அழுத்தினான்.

மரம் கருகும் மணத்தோடு வேறொரு மணமும் வந்தது. நிமிர்ந்தாள். பழுத்த இரும்பு மரத்தை விட்டு வழுக்கி அவன் உள்ளங்கையில் பதிந்திருந்தது. அவன் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயோ, கை!" என்று பாய்ந்தாள்.

"தொடாதை! என்னைத் தொடாதை!"

குறட்டைப் போட்டுவிட்டுப் பின்னால் போனான். உள்ளங்கை வெந்து தோல் உரிந்திருந்தது. பத்மாசனி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"என்னில அவ்வளவு வெறுப்போ? கை வேகுது, எனக்கு முன்னால ஒருக்கால் ஐயோ எண்டு கத்தவும் மனமில்லையோ உங்களுக்கு?"

தில்லைநாதன் அப்போதுதான் கையைக் குனிந்து பார்த்தான். அவன் கண் நிறைந்து வழிந்தது.

"எனக்குச் சுடேல்லை, பத்மா."