சண்டைக்கு வந்த அம்மாமார்

தலையிலடித்துச் சத்தியம் பண்ணுகிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது!

மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. மணி அடிக்கும் முன்னே காளியம்மா புயலாக உள்ளே நுழைந்தாள். அவள் போட்ட சத்தத்தில் செம்பனை மரத்துக் குருவியெல்லாம் ஆற்றைத் தாண்டி பாசிர் பெனம்பாங்குக்கே பறந்துவிட்டன.

"எங்க அந்த பேட்ரிசியா டீச்சர்?"

பேட்ரிசியா கிள்ளான் நகரத்திலிருந்து வந்து மூன்று மாதம்தான். தோட்டம் பிடிக்கவில்லை, மாற்றல் கேட்கும் யோசனையில் இருந்தாள். முந்தின நாள்தான் காளியம்மாவின் மகன் திலீப்பை, வாய்ப்பாடு தெரியவில்லையென்று நாற்காலி மேல் நிற்க வைத்திருந்தாள்.

"என் மவனுக்கு என்ன மந்திரம் போட்டீங்க? சனிக்கிழமைகூட டீச்சர்கிட்ட போகணும்னு தரையில உருள்றான். தாங்கல லா!"

திட்டுகிறாளா, பாராட்டுகிறாளா? பேட்ரிசியாவுக்குப் புரியவில்லை.

"நானா? நேத்துக்கூட அவனை..."

"பேசாதீங்க! பிள்ளையை இப்படியா மயக்குறது?" விருட்டென்று போய்விட்டாள்.

அடுத்த வாரம் தாயம்மா வந்தாள். "என் பொண்ணு உங்கள மாதிரியே சேலை கட்டிக்கிட்டு எனக்குப் பாடம் நடத்துது. நான் சோறாக்க வேணாமா?"

அதற்கடுத்து குமுதா.

பேட்ரிசியா குழம்பிப்போனாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகளுக்கு என்மேல் இவ்வளவு பாசமா?

அந்தக் குழப்பத்திலேயே ஒருநாள் திலீப்பைப் பார்த்துச் சிரித்தாள். இன்னொரு நாள் வாய்ப்பாட்டைப் பாட்டாகப் பாடினாள். பிள்ளைகள் மேசையைத் தட்டித் தாளம் போட்டார்கள். மாற்றல் பேச்சு மறந்தே போனது.

மறு வருடம் லூகாஸ் சார் புதிதாக வந்தார். சிரிப்பென்றால் என்ன விலை என்று கேட்கும் முகம். இரண்டாம் நாளே ஒரு பிள்ளையை வெயிலில் நிற்க வைத்தார்.

அன்று தேநீர் வாங்கப்போன பேட்ரிசியா, கண்டீன் பின்னால் அம்மாமார் பேசுவதைக் கேட்டாள்.

"புது சார்கிட்ட யாரு முதல்ல சண்டை போடுறது?"

"போன வருஷம் பேட்ரிசியா டீச்சருக்கு நான் போட்டேன். இப்ப உன் முறை, தாயம்மா." சாட்சாத் காளியம்மாதான்.

பேட்ரிசியா முன்னால் போய் நின்றாள். "அப்போ, திலீப் தரையில உருண்டது?"

காளியம்மா தலையைக் குனிந்தாள். "உருண்டான் டீச்சர். ஸ்கூலுக்கு வரமாட்டேன்னு உருண்டான். உள்ளதைச் சொன்னா கோவிச்சுக்கிட்டு நீங்க கிள்ளானுக்கே போயிருவீங்க. அப்புறம் இந்தத் தோட்டத்துக்கு யாரு வருவா? அதான்..."

பேட்ரிசியாவின் முகம் சிவந்தது. கோபமா, வெட்கமா, அவளுக்கே தெரியவில்லை.

"லூகாஸ் சார்கிட்ட யாரும் போகக் கூடாது."

"மன்னிச்சிருங்க டீச்சர்..."

"முதல் சண்டை நான் போடுறேன். என் வகுப்புப் பிள்ளைங்க எல்லாம் உங்க வகுப்புக்குத்தான் போவோம்னு அழுவுதுங்க, இது என்ன நியாயம் சார்னு கேட்கப் போறேன்!"

யார் சொன்னதென்று மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள். லூகாஸ் சாருக்கு இன்னும் விஷயம் தெரியாது.