கொடுத்தவளின் ரத்தம்

2019 மார்ச் மாதம், கோயம்புத்தூரில், ஒரு பெண்ணின் ஈரலில் பாதிக்கு மேல் அறுத்தெடுத்து அவள் கணவனுக்குப் பொருத்தினார்கள்.

ஒத்துவரவில்லை என்று ஊராரிடம் சொல்லிவிட்டு அவளைப் பிரிந்து போனவன் அவன். பிரிந்தபின் அவனோடு வாழ்ந்த சுலோச்சனா தன்னுடையதை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். மருத்துவமனை, சட்டப்படியான மனைவியைக் கேட்டது.

அவள் போய்ப் படுத்தாள்.

நான்கு வருடம் கழித்து, ரத்தம் எடுக்கும் அறையில் கையை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

அவனுடைய மாத்திரைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வந்தார்கள். ஒவ்வொரு முறையும் கொடுத்தவளின் ரத்தமும் வேண்டும். அவனுடையது அதை எதிர்க்கிறதா என்று கலந்து பார்ப்பார்கள்.

அதற்காக உடுமலையிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள்.

பக்கத்து நாற்காலியில் அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டே, சாப்பிட்டாயா என்று கேட்பான். இல்லை என்பாள். கேன்டீனில் இட்லி வாங்கித் தருவான்.

அதற்காகவே வெறும் வயிற்றோடு வருவாள்.

போன தடவை ரத்தம் கொடுத்ததிலிருந்து மாரியம்மனிடம் ஒன்றே ஒன்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

அவன் சாக வேண்டாம். லேசாக ஒரு காய்ச்சல். கண்ணில் கொஞ்சம் மஞ்சள். அவன் ரத்தம் ஒரு தடவை முறுக்கிக்கொண்டால் போதும்.

நர்ஸ் அவள் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள்.

டாக்டர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். போன முறை எடுத்ததன் முடிவு வந்துவிட்டது.

ஈரல் எளிதில் சண்டைக்குப் போகாத உறுப்பு என்றார். குடலிலிருந்து தினமும் என்னென்னவோ வந்து சேரும். எல்லாவற்றையும் பொறுத்துப் பழகியது. அவளுடைய ஈரலோடு போன டி செல்கள் என்னும் வெள்ளை அணுக்கள் அவன் ரத்தத்தில் கலந்து, எதிர்க்க வந்தவற்றை ஓயவைத்துவிட்டன. அது வேறொருத்தியுடையது என்று அவன் உடம்புக்கு இப்போது தோன்றவில்லை. இனி மாத்திரையே வேண்டாம்.

"இப்படி ஒத்துப்போறது ரொம்ப அபூர்வம். தங்கமான ஈரல்மா உங்களோடது."

நர்ஸ் பட்டையை அவிழ்த்தாள்.

அவனோடு வந்து கதவருகே நின்றிருந்த சுலோச்சனா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். சுலோச்சனாவின் கண் கலங்கியிருந்தது.

"இனி நீங்க மெனக்கெட்டு வரோணும்னு இல்லீங்க்கா."

அவன் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டான்.

சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

அடுத்த பரிசோதனைக்கு அவனும் சுலோச்சனாவும் மட்டும் வந்தார்கள். ஈரல் நன்றாக இருந்தது.